டெப்போவில் இருந்தவர்கள், வீட்டில் சொல்லாததை இங்கே சொல்லுங்கள்

பட்டுக்கோட்டையான்

மலேசியாவுல 2019ல இமிகிரேஷன் டெப்போவுல, அதான் ஊருக்குத் திருப்பி அனுப்பறவரைக்கும் வெளிநாட்டுக்காரங்களை அடைச்சு வைக்கிற முகாம்ல, நாலு மாசம் கிடந்தேன். எந்த டெப்போன்னு வேண்டாம். பர்மிட் அடிச்சுத் தரேன்னு பாஸ்போர்ட்டை வாங்கிட்டுப் போன ஏஜென்ட் திரும்பி வரல, நான் கொசோங் ஆயிட்டேன், அதாவது கையில பேப்பர் எதுவும் இல்லாத ஆளு. ஒருநாள் ராத்திரி வேலையாளுங்க தங்கற கொங்சிக் கொட்டகையில ரெய்டு, எல்லாரையும் லாரியில ஏத்திட்டாங்க. ஊருக்கு வந்ததும் பசி, கோர்ட்டு, வாங்கின அடி எல்லாத்தையும் வீட்டுல சொல்லிட்டேன். கக்கூஸ் விஷயத்தை மட்டும் சொல்லல. அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

எங்க பிளாக்ல நூறு பேருக்கு மேல. கக்கூஸ் மூணு, அதுல ஒண்ணு எப்பவும் அடைச்சுக் கிடக்கும். கதவு கிடையாது, இடுப்பளவு சுவர்தான். தண்ணி காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். வந்ததும் தொட்டியில பிடிச்சு வைப்போம். கழுவ, குளிக்க, குடிக்க எல்லாத்துக்கும் அதே தொட்டி, அதே மக்கு.

புதுசா வந்தவனுக்குப் படுக்க இடம் கக்கூஸ் ஓரம். ராத்திரி எவனாவது போனா மூஞ்சியில தெறிக்கும், துண்டைப் போத்திக்கணும். யாராவது ஊருக்குக் கிளம்பினாத்தான் ஒரு ஆள் அகலம் தள்ளிப் படுக்கலாம். நான் எதிர்ச் சுவர்ப் பக்கம் போய்ச் சேர ஏழு வாரம் ஆச்சு. கூட இருந்தவன் பேரைக் கூப்பிட்டா அவனுக்காகச் சந்தோஷப்படல, அவன் இடத்தைத்தான் பார்த்தேன். எழுதவே கூசுது.

ராத்திரிச் சோத்துல பாதிதான் தின்பேன். பசி இல்லாம இல்ல, விடியக்காலை அந்த வரிசைக்குப் பயந்துதான்.

கிள்ளான் அக்கா

எங்க கடையில தோசை போட்ட தம்பிய பிடிச்சிட்டாங்க. அனுமதி வாங்கிப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், போன்லதான் பேசணும். ஒரு கையில ரிசீவர், இன்னொரு கை சொறிஞ்சுகிட்டே இருக்கு. விரல் இடுக்கெல்லாம் புண்ணு. "என்னடா வேணும், பிஸ்கட்டா மைலோவா"ன்னு கேட்டா, "சவர்க்காரம் அக்கா"ன்னான். அன்னிக்கு அதைக்கூட உள்ளே கொடுக்க விடல.

எங்க மலேசியாவுல இது யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல முடியாது. தொழிலாளிகளுக்காகப் போராடுற தெனாகனித்தா அமைப்போட ஐரின் பெர்னாண்டஸ், 300க்கு மேற்பட்ட தொழிலாளிகள்கிட்ட பேசி 1995லேயே தடுப்பு முகாம் நிலவரத்தை எழுதினாங்க. பெரிபெரி வந்து ஆட்கள் சாகறதுவரை அதுல இருந்துச்சு. பொய்ச் செய்தி பரப்பினாங்கன்னு அவங்க மேலேயே கேஸ் போட்டாங்க. 2003ல ஒரு வருஷ ஜெயில்னு தீர்ப்பு, அப்பீல்ல 2008லதான் விடுதலை. அந்தம்மா 2014ல போய்ச் சேர்ந்துட்டாங்க.

வல்வை மைந்தன்

நான் இலங்கை ஆள். அகதி எண்டு யுஎன் குடுத்த அட்டை வைச்சிருந்தனான், அதையும் பார்க்காமல் ஏத்திக்கொண்டு போனவங்கள். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில கையெழுத்து வைக்கேல்லை, அட்டைக்குச் சட்டத்தில பெறுமதி இல்லை. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு யுஎன்காரரை டெப்போவுக்குள்ள விடுறதும் நிண்டு போச்சு.

ராவில எலி காலுக்கு மேலால ஓடும். எல்லாரும் பகிடி விடுவம், நான் மட்டும் சிரிக்கமாட்டன். பினாங்குப் பக்கம் ஜூரு டெப்போவில 2009இல எலிக்காய்ச்சல் வந்து ரெண்டு பர்மாக்காரர் செத்தவை. எலியின்ர மூத்திரம் கலந்த தண்ணி காலில இருக்கிற சின்னக் காயத்தில பட்டாலே போதும். அங்க எங்களுக்கு எல்லாருக்கும் காலில சொறிப்புண், தரையெல்லாம் ஈரம், செருப்பு இல்லை.

நாகை

பொம்பளைங்க பக்கமும் சொல்லணும்ல. நான் வீட்டு வேலைக்குப் போனவ. மாசத்துக்கு ரெண்டு பேடு கொடுத்தாங்க, ஒரு பாக்கெட் இல்ல, ரெண்டே ரெண்டு. கூட ஒரு இந்தோனேசியா அக்கா இருந்தாங்க, அவங்க பழைய டீசர்ட்டைக் கிழிச்சுப் பங்கு வச்சாங்க. துவைக்கத் தண்ணி வேணுமே? குடிக்கிற பாட்டில்ல மிச்சம் பிடிச்சுத்தான் துவைப்போம். காயப்போட இடமில்ல, உடம்போட ஒட்டி வச்சுக் காய வைப்போம். இதுக்கு மேல எழுதமாட்டேன்.

சேலம் ராஜா

மன்னிக்கணும், விசா முடிஞ்சும் இருந்தா தப்புதானே? ஹோட்டல் மாதிரியா வச்சுக்குவாங்க?

பட்டுக்கோட்டையான்

ராஜா தம்பி, தப்புக்கு அபராதமும் அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயிலும் அவங்க சட்டத்துலயே இருக்கு. கோர்ட்டு எனக்குப் போட்டதை ஜெயில்ல முழுசா முடிச்சுட்டுத்தான் வந்தேன். அங்கே கக்கூஸுக்குத் தண்ணி வரும், சோப்பும் கொடுத்தாங்க. டெப்போங்கிறது தண்டனை முடிஞ்சவன் ஊருக்குப் போக ஏரோப்ளேன் டிக்கெட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்குப் பதிலா எம்பசி தர்ற பேப்பருக்கும் காத்திருக்கிற இடம். அந்த நாலு மாசம் எதுக்குன்னு எந்த ஜட்ஜும் எழுதல. உள்ள இருந்த எங்க எல்லாருக்கும் ஒரே ஆசைதான், திரும்ப ஜெயிலுக்கே அனுப்பிட மாட்டாங்களான்னு.

2020 மே மாசம் புக்கிட் ஜாலில், செமினி, செப்பாங் டெப்போக்கள்ல கொரோனா பரவுதுன்னு நியூஸ் வந்தப்ப ஊர்ல டீக்கடையில உட்கார்ந்திருந்தேன். கையைக் கழுவு, தள்ளி நில்லுன்னு டிவியில சொல்லிட்டிருந்தான். எந்திரிச்சு வெளியே போயிட்டேன்.

மணல்மேல்குடி

அண்ணே, என் மச்சான் போன வாரம்தான் ஜெயில்லருந்து டெப்போவுக்கு மாறியிருக்கான். அங்கே எங்களுக்கு ஆள் இல்ல. என்ன பண்ணணும்?

கிள்ளான் அக்கா

தம்பி, எந்த டெப்போன்னு எனக்குத் தனியா மெசேஜ்ல சொல்லு. முதல்ல டிக்கெட் காசை ரெடி பண்ணு, காசு இல்லாமத்தான் பாதிப் பேர் மாசக்கணக்கா கிடக்கிறாங்க. பாஸ்போர்ட் நகல், ஊர் ஆதார் இருந்தா போட்டோ எடுத்து அனுப்பு, உங்க எம்பசி, அதான் ஹைகமிஷன், தர்ற பேப்பர் சீக்கிரம் வரும். செருப்பு, சவர்க்காரம், சொறி மருந்து நான் வாங்கிட்டுப் போறேன். உள்ளே விடுவாங்களான்னு தெரியல. போன தடவை செருப்பை விட்டாங்க.