சான் மார்கோ: சைரன் அடிக்காத தண்ணி

*குழு: பெரிய வீட்டுக் கூட்டம்*

திவ்யா: நவம்பர் 3-ஆவது வாரம் வெனிஸ்ல ரெண்டு நாள் தங்கறோம். சான் மார்கோ சதுக்கத்துக்கு ஒரு காலை போதுமா?

சேகர் சித்தப்பா: போதும்மா. எந்தக் காலைங்கிறதைக் கடல்தான் முடிவு பண்ணும். இலையுதிர் காலத்துல இருந்து குளிர்காலம் வரை கடல் மட்டம் ஏறுற சீசன். நகரத்துலயே ரொம்பத் தாழ்வான இடங்கள்ல அந்தச் சதுக்கமும் ஒண்ணு.

கார்த்தி: அதுக்குத்தான் கடல் தண்ணி உள்ள வராம வாய்ல மறிக்கற மோசே தடுப்பு வந்தாச்சே மாமா. 78 கதவு, 2020 அக்டோபர் 3-லருந்து ஓடுது.

சேகர் சித்தப்பா: எப்பத் தூக்குவாங்கன்னு பாருடா. பொதுவா நகர அளவுகோல்ல கடல் மட்டம் 110 செ.மீ. தாண்டும்னு முன்னறிவிப்பு வந்தாத்தான். சதுக்கத்துல 80 சொச்சத்துலயே தண்ணி எட்டிப் பார்க்கும். நடுவுல இருக்கற 30 செ.மீ. திவ்யா காலுக்கு 😄

சேகர் சித்தப்பா: வெள்ளம் வருதுன்னு ஊருக்குச் சொல்ற சைரனும் 110-க்குத்தான். சத்தம் கேக்கலைன்னா தரை காஞ்சிருக்குன்னு நம்பிடாதே.

சாந்தி அத்தை: அலை கரையைத் தாண்டி உள்ள வருமாடா?

சேகர் சித்தப்பா: இல்லக்கா, கீழருந்து வரும். மழைத்தண்ணி இறங்கறதுக்குத் தரைக்கல்லுல துளை வச்சிருக்காங்க. கடல் ஏறினா அதே துளை வழியா தண்ணி பின்னோக்கிப் பொங்கும். முதல்ல பசிலிக்கா, அதான் சதுக்கத்துல இருக்கற பெரிய சர்ச், அது முன்னாடிதான். அலையே இருக்காது, சத்தமில்லாம ஒரு குட்டை விரியும்.

திவ்யா: அப்ப என்ன பண்றது?

சேகர் சித்தப்பா: வெனிஸ் நகராட்சியோட அலை முன்னறிவிப்பை முந்தின நாள் ராத்திரி பாரு. அதுல உச்ச அளவும் நேரமும் இருக்கும். 100-ன்னு போட்டிருந்தா சதுக்கத்துல சுமார் 20 செ.மீ. நிக்கும்னு வச்சுக்கோ. உச்சம் காலை 10-ன்னா மத்தியானத்துக்கு மேல போ, சில மணி நேரத்துல வந்த வழியே வடிஞ்சிடும். பலகைப் பாதை போடுவாங்க. வலப்பக்கமா நடக்கணும், நடுவுல நின்னு போட்டோ எடுத்தா மொத்த வரிசையும் நின்னுடும்.

கார்த்தி: பெரிய வெள்ளம்னா 1966 நவம்பர் 4-ல கடல் மட்டம் 194 செ.மீ., 2019 நவம்பர் 12-ல 187. இப்ப பசிலிக்காவைச் சுத்தி கண்ணாடித் தடுப்பு இருக்கு, வெளிய தண்ணி நின்னாலும் உள்ள போறதில்ல.

திவ்யா: சரி, பார்க்க வேண்டியது?

கார்த்தி: பசிலிக்கா மாடிக்கு ஏறு, தனி டிக்கெட். வாசலுக்கு மேல நிக்கற நாலு குதிரையும் நகல். அசல் வெண்கலக் குதிரை உள்ள மியூசியத்துல. 1204-ல கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடினப்ப கிடைச்ச கொள்ளை அது. 1797-ல நெப்போலியன் அதையே பாரிஸுக்குத் தூக்கிட்டுப் போனான், 1815-ல திரும்பி வந்துச்சு. திருடனுக்குத் திருடன்.

சாந்தி அத்தை: தோளும் முட்டியும் மூடின உடுப்பு போட்டுக்கோ திவ்யா. பெரிய முதுகுப்பை வேண்டாம், உள்ள விட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல பூசை, சுத்திப் பாக்க மத்தியானம்தான்.

திவ்யா: அந்த உயரமான கோபுரம் 1000 வருஷப் பழசுன்னு ஒரு ரீல்ல பார்த்தேன்.

கார்த்தி: வடிவம்தான் பழசு. 1902 ஜூலை 14 காலைல அப்படியே உட்கார்ந்துடுச்சு. முன்னாடியே விரிசல் தெரிஞ்சதால ஆட்களை விலக்கிட்டாங்க. காவலாளியோட பூனை மட்டும்தான் செத்ததுன்னு சொல்லுவாங்க. "இருந்த இடத்துல, இருந்த மாதிரியே"ன்னு திரும்பக் கட்டி 1912 ஏப்ரல் 25-ல திறந்தாங்க. 98.6 மீட்டர், லிஃப்ட் உண்டு. பனிமூட்டம்னா காசு வேஸ்ட்.

சேகர் சித்தப்பா: மணிக்கூண்டை விட்டுடாதே. உச்சில ரெண்டு வெண்கல ஆள் சுத்தியலோட நிப்பாங்க. கிழவன் மணி ஆகறதுக்கு 2 நிமிஷம் முன்னாடி அடிப்பான், இளையவன் 2 நிமிஷம் கழிச்சு. கரெக்டா 12-க்குப் போய் அண்ணாந்து பார்த்தா பாதி போயிருக்கும். 11:57-க்கே நில்லு.

திவ்யா: 👍 காபி?

சாந்தி அத்தை: ஃப்ளோரியன் 1720-லருந்து இருக்கு. உள்ள அலங்காரத்துக்காகப் போகலாம். வெளிய நாற்காலில உட்கார்ந்து இசைக்குழு வாசிச்சா, காபி விலைக்கு மேல இசைக்குன்னு தலைக்கு ஒரு காசு. பில் வந்தப்புறம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல, மெனு கார்டுலயே இருக்கும். அதுக்காகப் படிக்கட்டுல உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரிச்சிடாதே, அபராதம். புறாவுக்கு இரை போடறதுக்கும் 2008-லருந்து தடை.

திவ்யா: ஸ்டேஷன்ல இருந்து எந்தப் படகு?

கார்த்தி: 1-ஆம் நம்பர் வபொரெத்தோ, அதான் அங்க பஸ் மாதிரி ஓடற படகு. மெதுவா போகும், ஆனா பெரிய கால்வாய் முழுக்கப் பார்த்துடலாம். வல்லரெஸ்ஸோல எல்லாரும் இறங்குவாங்க, நீ அடுத்த சான் ஸக்கரியால இறங்கு. அங்கிருந்து டோஜ் (வெனிஸோட பழைய ஆட்சித் தலைவர்) அரண்மனை பக்கமா நடந்தா, வைக்கோல் பாலத்துல நின்னு பெருமூச்சுப் பாலத்தையும் பார்த்துக்கலாம்.

சேகர் சித்தப்பா: அப்படி வந்தா கரையில ரெண்டு கருங்கல் தூண் வரும். ஒண்ணு மேல சிறகு முளைச்ச சிங்கம், இன்னொண்ணு மேல புனித தியோடர். அந்தக் காலத்துல மரண தண்டனை அதுக்கு நடுவுலதான். உள்ளூர்க்காரங்க இன்னும் நடுவுல நடக்கறதில்ல.

சாந்தி அத்தை: சுத்தியே போ கண்ணு. பத்தடி கூட நடந்தா ஒண்ணும் குறைஞ்சிடாது.