புதுப்பிப்பு: அப்பாவுக்கு மகாதமனி வீக்கம், குடல் புற்றுநோய் இரண்டும். எதை முதலில் செய்தார்கள்?

இரண்டு மாதம் முன்பு தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருந்தேன்: அப்பாவுக்குப் பெருங்குடலில் வலப்பக்கம் புற்றுநோய்; அதற்காக எடுத்த சிடி ஸ்கேனில் வயிற்று மகாதமனியில் (இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாயில்) 6.1 செ.மீ. வீக்கமும் தெரிந்தது, எதை முதலில் பார்ப்பது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"ரத்தநாள சர்ஜனைப் பாருங்கள், ஸ்டென்ட் வழி முடியுமா என்று கேளுங்கள்" என்று இங்கே ஓர் அண்ணன் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனாலே பொதுவாகச் சரிசெய்யச் சொல்கிறார்கள். வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் தைத்து, கூடவே குடலையும் வெட்டினால் குடல் கிருமி குழாயில் தொற்றும் ஆபத்து உண்டு. தொற்றினால் உயிருக்கே வினை. அதனால் வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக ஸ்டென்ட் குழாயை வீங்கிய இடத்துக்கு முதலில் ஏற்றினார்கள். குடல் அடைப்போ கடும் ரத்தப்போக்கோ இருந்திருந்தால் புற்றுநோயைத்தான் முதலில் தொட்டிருப்போம் என்றார் டாக்டர்.

எதிர்பாராதது காய்ச்சல். மறுநாளிலிருந்து நான்கு நாள் 101 டிகிரி. தொற்றோ என்று நடுங்கிப்போனோம். ரத்தக் கல்ச்சரில் கிருமி இல்லை. ஸ்டென்ட் வைத்த பிறகு பலருக்கு வரும் அழற்சிதானாம், தானாக இறங்கியது.

பதினெட்டாம் நாள் குடல் ஆபரேஷன், நல்லபடியாக முடிந்தது. முன்பெல்லாம் அப்பா மல்லாந்து படுத்தால் வயிற்றின் மேல் வேட்டி மடிப்பு துடிப்பது கண்ணுக்கே தெரியும். இப்போது அது அசைவதில்லை.

ஒன்று மறக்காதீர்கள்: ஸ்டென்டில் கசிவு இருக்கிறதா என்று காலம் முழுக்க ஸ்கேன் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு அடுத்தது ஆறாம் மாதம்.