இழை: வெர்டிகோவுக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். உட்காதைப் பாதிக்கும் மெனியே நோய்க்கான மருந்தாய்வு ஒன்றின் படிவங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். ஒப்புதல் படிவம் முடிந்துவிட்டது. நோயாளிகள் தினமும் நிரப்பும் நாட்குறிப்பில் சிக்கிக்கொண்டேன். "இன்று எத்தனை முறை வெர்டிகோ வந்தது?" என்பது கேள்வி. அசையாமல் இருக்கும்போதே சுழல்வதுபோல் தோன்றுவதுதான் வெர்டிகோ. "தலைச்சுற்றல்" என்று எழுதிச் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். வயதான அம்மா ஒருவர் மூன்று என்று குறித்திருந்தார். விசாரித்தால், இரண்டு முறை நாற்காலியிலிருந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மூன்றாவது வேறு. "சுவர்க் கடிகாரம் இடப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்" என்றார். ஆய்வுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அதை மட்டும் குறிக்கும் சொல் உண்டா?

காது மூக்கு தொண்டை மருத்துவர், திங்கள் மாலை

இது சொல்லழகுப் பிரச்சினை அல்ல, எண்ணிக்கைப் பிரச்சினை. மெனியே நோய் என்று உறுதிசெய்ய, 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் வெர்டிகோ குறைந்தது இரண்டு முறையாவது தானாக வந்திருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு வரையறை. சிகிச்சையின் பலனைக் கணக்கிட 1995 முதல் வழங்கும் அமெரிக்க முறையில், சிகிச்சைக்கு முந்தைய ஆறு மாத மாதச் சராசரியையும், சிகிச்சைக்குப் பின் 18 முதல் 24 மாதம் வரையிலான சராசரியையும் ஒப்பிடுகிறார்கள். எழுந்தவுடன் வரும் கிறக்கத்தையும் சேர்த்து எண்ணினால், நல்ல மருந்துகூடப் பலனற்றதாகத் தெரியும். உட்காதின் சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பாரானி சங்கத்தின் 2009ஆம் ஆண்டு வகைப்பாட்டில், அசையாதிருக்கும்போதே அசைவதாக உணர்வது வெர்டிகோ. அசைவே தோன்றாமல் இட உணர்வு குழம்புவது டிஸ்ஸினஸ். தமிழில் இரண்டையும் "தலை சுற்றுகிறது" என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிறோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் அதிகாலை

வேறுபாடு தமிழிலேயே இருக்கிறது, டாக்டர். பள்ளி அறிவியல் நூலில் என்ன படித்தோம்? புவி தன்னைத்தானே சுழல்கிறது, கதிரவனைச் சுற்றுகிறது. ஆகவே வெர்டிகோவுக்குச் சுழல், மற்றதற்குக் கிறுகிறுப்பு. கிறுகிறு இரட்டைக்கிளவி, பிரித்தால் பொருள் தராது என்பார்கள். ஆனால் கிறங்கு, கிறுக்கு ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலைகொள்ளாமை மூன்றிலும் இருக்கிறது. கிறு என்றொரு வேர் இருந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

உட்காதின் சமநிலைப் பகுதியைக் குறிக்க "வெஸ்டிபுலார்" என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். லத்தீனில் அது வீட்டின் முன்வெளி. நமக்கு முன்றில் இருக்கிறது. இல்முன் என்பது முன்றில் என மாறி வந்ததால் இலக்கணப்போலி. நத்தைச்சுருளுக்கும் மூன்று அரைவட்டக் குழல்களுக்கும் நடுவில் இருக்கும் அறைக்குச் செவிமுன்றில் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எது?

ஆய்வு ஒருங்கிணைப்பாளர், செவ்வாய் மதியம்

ஐயா, செவிமுன்றில் மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கிறுகிறுப்பை ஏற்க முடியவில்லை. "தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் சுழற்சியைத்தான் சொல்கிறார்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் எண்ணிக்கை கெடும்.

தமிழாசிரியர், செவ்வாய் இரவு

அப்படியானால் சுழல்மயக்கம் என்று வையுங்கள். மயக்கம் என்பதன் பழம்பொருள் கலத்தல். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று இலக்கணத்தில் படித்தவர்கள்தானே நாம்? கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, புலச்செய்திகள் ஒன்றோடொன்று மயங்குவதுதானே இந்த நோய்? வெர்டிகோவுக்குப் பிரமம் என்று வடசொல்லைத் தேடுவோருக்கும் இதுதான் விடை. பிரமை இன்று மனக்கோளாறாகிவிட்டது.

மருத்துவர், புதன்

விளக்கத்தைப் படித்து வியந்துபோனேன், ஐயா. வெர்டிகோவின் உடலியங்கியலை இரண்டு வரியில் சொல்லிவிட்டீர்கள். ஆனால் நோயாளியிடம் மயக்கம் என்றால் நினைவு தப்புவது என்றே கொள்வார். மெனியே நோயாளி சுழற்சி முழுவதையும் நினைவோடு அனுபவிக்கிறார். அதுதான் அவருடைய வேதனை. அந்தச் சொல்லைப் படிவத்தில் பார்த்தால் "எனக்கு மயக்கம் வந்ததே இல்லை" என்று பூஜ்யம் எழுதிவிடுவார்.

ஒருங்கிணைப்பாளர், புதன்

சொல் எதற்கு என்றுகூடக் கேட்கலாம். தலைச்சுற்றலால் வரும் சிரமத்தை அளக்க 1990இல் ஜேக்கப்சனும் நியூமனும் வெளியிட்ட 25 கேள்வி வினாநிரலைப் பாருங்கள். மேலே பார்த்தால் அதிகமாகிறதா, படுக்கையில் புரண்டால் அதிகமாகிறதா என்று கேட்கும் இடத்தில் "உங்கள் பிரச்சினை" என்றுதான் போட்டிருக்கிறார்கள். பெயரே சொல்லாமல் அளந்துவிட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. நாட்குறிப்பில் பெயர் வைக்கவில்லை. "நீங்களோ சுற்றியுள்ள பொருள்களோ சுழல்வதுபோல் இன்று எத்தனை முறை தோன்றியது? ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம்? எழுந்து நிற்கும்போது கண் இருட்டியதைச் சேர்க்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன். அந்த அம்மாவிடம் மறுபடி கொடுத்தோம்; ஒன்று என்று எழுதினார். தகவல் தாளில் மட்டும் சுழலுணர்வு. மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு.

தமிழாசிரியர், வெள்ளி அதிகாலை

எதிர்ப்பு நான்தான். கேள்வி நன்றாக அமைந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். ஆனால் சுழலுணர்வு என்பது ராட்டினத்தில் ஏறியவனுக்கும் வரும். அவன் உண்மையாகவே சுழல்கிறான். சுழலாதபோது சுழல்வதாகத் தோன்றும் பொய்மை அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? மயக்கத்தில் இருந்தது. என் கருத்தை இழையில் பதிந்துவைக்கிறேன். செவிமுன்றிலை ஏற்பதா என்று யாரும் முடிவு சொல்லவில்லையே?