‘வில்லோ’ படத்தின் தொடர்ச்சியான ‘ஷேடோ மூன்’ நாவல்: அடுத்த பாகங்களையும் படிக்க வேண்டுமா?

நாணல்வெளி எழுதியது:

ரான் ஹோவர்ட் இயக்கி 1988இல் வெளிவந்த ‘வில்லோ’ எனக்குச் சிறுவயது முதலே மிகவும் நெருக்கமான மிகைப்புனைவுப் படம். அதன் கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ், எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட்டுடன் இணைந்து, படம் முடிந்த இடத்துக்குப் பின் நடப்பவற்றை மூன்று நாவல்களாகத் தந்திருக்கிறார் என்று அறிந்ததும், 1995இல் வந்த முதல் பாகமான ‘ஷேடோ மூன்’ நூலைத் தேடி வாங்கினேன். படித்து முடித்த பிறகு மனம் மிகவும் கனத்துவிட்டது.

நூலின் தொடக்கத்திலேயே ஒரு பேரழிவு நிகழ்கிறது. நல்லோர் எல்லாம் கூடி வாழத் தொடங்கிய திர் அஸ்லீன் கோட்டை அழிகிறது. வாள்வீரன் மேட்மார்டிகனும் அவன் காதலி சோர்ஷாவும் அதோடு மடிந்துவிடுகிறார்கள். படம் முழுக்க நாம் யாருடைய காதலையும் வீரத்தையும் பார்த்து மகிழ்ந்தோமோ, அந்த இருவருக்கும் மனத்தில் நிற்கும்படியான ஒரு விடைபெறும் காட்சிகூட இல்லை. அதன்பின் கதை பன்னிரண்டு ஆண்டுகளைத் தாண்டிச் செல்கிறது. வில்லோ என்ற பெயரையே துறந்து, தார்ன் டிரம்ஹெல்லர் என்ற பெயரில் இறுகிய முகத்தோடு அலைகிறான் படத்தின் நாயகனான நம் குள்ள உழவன். அவன் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய குழந்தை எலோரா டேனன், எவரையும் மதிக்காத செல்லப்பிள்ளையாக வளர்ந்து நிற்கிறாள்.

என் மனவருத்தம் மரணங்களைப் பற்றியது மட்டுமன்று. இது அந்தப் படத்தின் தொடர்ச்சிதானா என்ற ஐயமே என்னை வாட்டுகிறது. எஞ்சிய இரண்டு பாகங்களையும் படித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழம்புத்தகம் மறுமொழி:

நண்பரே, உங்கள் வருத்தத்தில் நானும் பங்குகொள்கிறேன். கதைமாந்தர் இறப்பதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. வில்லோவை நாம் எதற்காக விரும்பினோம் என்பதை நாவல் மறந்துவிட்டது என்பதே என் முதன்மையான குறை.

படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தனக்குச் சீடனைத் தேடும் ஊர் மந்திரவாதி, உலகை ஆளும் ஆற்றல் எந்த விரலில் இருக்கிறது என்று கேட்டுத் தன் கையை நீட்டுகிறார். தன் விரலைத்தான் காட்ட வேண்டும் என்று வில்லோவுக்கு முதலில் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்லத் துணிவில்லாமல் அவருடைய விரலைத் தொட்டுத் தோற்கிறான். அதே திருவிழாவில் பன்றிக்குட்டியை மறையச் செய்யும் அவனுடைய கைவித்தையும் எல்லோர் கண்முன்னும் கெட்டுப்போகிறது. இறுதியில், குழந்தையை அழிக்கத் துடிக்கும் சூனியக்கார அரசி பாவ்மோர்டாவின் கோபுரத்தில் அவன் எதைக் கொண்டு வெல்கிறான்? அதே பன்றிக்குட்டி வித்தையைக் கொண்டுதான். குழந்தையை மறைத்துவிட்டு, அவளுடைய கைக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று அவளை நம்ப வைக்கிறான். ஆத்திரத்தில் பாய்ந்த அவள் தன் சடங்குக் கலத்தைத் தானே கவிழ்த்து அழிகிறாள். பெரிய மந்திரங்களுக்கு முன் ஓர் எளிய குடும்பத்தலைவனின் சமயோசிதமும் அன்பும் வெல்கின்றன என்பதுதான் அந்தப் படத்தின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வில்லோவாக நடித்த வாரிக் டேவிஸ் பதின்பருவத்திலேயே ஒரு தந்தையின் பரிவை அத்தனை இயல்பாக நடித்துக் காட்டினார்.

நாவலில் வருபவனோ துயரத்தைச் சுமந்து திரியும் வலிமைமிக்க மாயவன். அப்படிப்பட்ட நாயகர்கள் மிகைப்புனைவு நாவல்களில் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறார்கள். பெயரை மாற்றியதோடு அவனுடைய தனித்தன்மையும் போய்விட்டது.

கரையோரன் மறுமொழி:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆயினும் எலோராவின் பாத்திரத்துக்காக ஒரு சொல் சொல்ல விரும்புகிறேன். பிறந்த நாள் முதல், கொடிய அரசியை வீழ்த்துவாள் என்ற தீர்க்கதரிசனத்துக்குரிய பொருளாகவே நடத்தப்பட்டு, எல்லோராலும் வணங்கப்பட்டும் உண்மையான பாசத்துடன் ஒருவராலும் வளர்க்கப்படாத ஒரு சிறுமி வேறு எப்படி இருப்பாள்? நூலில் எனக்கு உண்மையாகத் தோன்றிய பகுதி அதுதான். இரண்டாம் பாகமான ‘ஷேடோ டான்’ பெரும்பாலும் அவளைச் சுற்றியே நகர்வதால் முதல் பாகத்தைவிடச் சற்று மேலானது.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளேர்மான்ட் 1975 முதல் 1991 வரை எக்ஸ்-மென் சித்திரக்கதைகளை எழுதிப் பெரும்புகழ் பெற்றவர். அவற்றை நான் இன்றும் மதிக்கிறேன். சித்திரக்கதையில் ஓவியம் இடத்தையும் செயலையும் காட்டிவிடுவதால், பாத்திரத்தின் உள்மன ஓட்டத்தை எழுத்தாளர் எவ்வளவு விரித்தாலும் சுமையாவதில்லை. ஓவியம் இல்லாத நாவலில் அதே பழக்கம் தொடரும்போது, ஒரு வாள்வீச்சுக்கும் அடுத்த வாள்வீச்சுக்கும் இடையே ஒரு பக்கம் முழுக்கச் சிந்தனையே ஓடுகிறது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று அறிய நான் பலமுறை திரும்பிப் படிக்க வேண்டியிருந்தது.

நாணல்வெளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. பன்றிக்குட்டி வித்தையைப் படித்ததும் எனக்கு எது குறைந்தது என்பது விளங்கிவிட்டது. 2022இல் டிஸ்னி பிளஸ் வெளியிட்ட தொலைக்காட்சித் தொடர் இந்த நாவல்களைப் பின்பற்றுகிறதா?

பழம்புத்தகம் மறுமொழி:

இல்லை. எட்டுப் பகுதிகள் கொண்ட அந்தத் தொடர் நாவல்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் படத்திலிருந்தே புதிதாகத் தொடங்குகிறது. அதில் சோர்ஷா உயிரோடு அரசியாக இருக்கிறாள்; வில்லோ தன் பெயரோடும் தன் ஐயங்களோடும் இருக்கிறான். படத்தில் மேட்மார்டிகனாக நடித்த வால் கில்மர் உடல்நலக் குறைவால் அதில் நடிக்க இயலவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. ஒரே பருவத்துடன் அதை நிறுத்தியதோடு, 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் தளத்திலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

கரையோரன் மறுமொழி:

இரண்டாம் பாகத்தைத் தொடங்க முடிவு செய்தால், அதற்கு முன் படத்தை மீண்டும் பார்க்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நான் படத்தை முதல்நாள் இரவு பார்த்துவிட்டு மறுநாள் காலை நூலைத் திறந்தேன். மந்திர நூலோடு ஊர் திரும்பிய வில்லோ, ஓர் ஆப்பிளை வீசிப் பறவையாக்கியதைக் கண்டு ஊரே ஆரவாரித்த காட்சி கண்ணிலேயே நின்றதால், பத்துப் பக்கங்களுக்குமேல் என்னால் தொடர முடியவில்லை. சில வாரங்கள் கழித்து, எலோரா என்ற அறிமுகமில்லாத சிறுமியின் கதையாக எண்ணி மீண்டும் எடுத்தபோதுதான் முடிக்க முடிந்தது.