சித்தப்பாவின் எருக்கலை

குழு: நம் வீட்டார் (ஸ்காபரோ, ஏஜாக்ஸ், மார்க்கம், லண்டன்)

சனிக்கிழமை

பவானி சின்னம்மா: எல்லாருக்கும் வணக்கம். ஒக்டோபர் 31 வீட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும். வாங்கினவர்கள் பின்வளவு முழுக்கக் கல்லுப் பதிக்கப் போகிறார்களாம். இவருடைய எருக்கலை காய்த்து நிற்கிறது. யாராவது வந்து விதை எடுங்கோ. எனக்கு முழங்கால் ஏலாது.

வசந்தி: முழுக்கவா?

பவானி சின்னம்மா: ஓம் பிள்ளை. வேலி வரைக்கும்.

கமலா பெரியம்மா: எந்த எருக்கலை? பிள்ளையாருக்கு மாலை கட்டுவதா?

துஷி: இல்லை பெரியம்மா, இது மில்க்வீட். மொனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கிற செடி. சித்தப்பா மட்டும்தான் எருக்கலை என்று சொல்லுவார்.

சிவம் மாமா: அத்தான் சொன்னதில் பிழை இல்லை. இரண்டும் ஒரே குடும்பம். இலையைக் கிள்ளினால் பால், காய் வெடித்தால் பஞ்சு. ஊரில் எருக்கலம் பஞ்சை ஊதி விளையாடினோமே, அதே மாதிரித்தான். மொனார்க் புழு இந்தக் குடும்பத்து இலையைத் தவிர வேறொன்றும் தின்னாது. அந்தப் பாலின் நஞ்சு உடம்பில் ஏறுவதால்தான் குருவிகள் அதைத் தொடப் பயப்படும். இங்கே பொரிக்கிற கடைசித் தலைமுறை இந்தச் செடியைத் தின்று வளர்ந்துதான் மெக்சிக்கோ மலைக்காடு வரை பறக்கிறது. அவை எங்கே போகின்றன என்று வருடக்கணக்காகத் தேடியவர் பேராசிரியர் பிரெட் ஏர்க்கார்ட். 1975 ஜனவரியில்தான் இடம் அகப்பட்டது. அவர் படிப்பித்தது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில். அத்தான் இரவு வேலை செய்த அதே வளாகம். அங்கே கேட்ட கதைதான் அத்தானைப் பிடித்துக்கொண்டது.

கேதா (லண்டன்): மாமா, விதை எப்படி எடுப்பது என்று சொல்லுங்கோ.

சிவம் மாமா: அதற்குத்தான் வருகிறேன்.

கமலா பெரியம்மா: பவானி, கறிவேப்பிலைச் சட்டி யாருக்கு? எனக்குத் தருகிறேன் என்று அவர் சொன்னவர்.

வசந்தி: எனக்கும் சொன்னவர்.

பவானி சின்னம்மா: ஆளுக்கு ஒன்று இருக்கு. சண்டை வேண்டாம்.

சிவம் மாமா: காயின் பொருத்தில் பெருவிரலால் மெதுவாக அமத்திப் பார்க்க வேண்டும். தானாகத் திறந்து உள்ளே விதை மண்ணிறமாக இருந்தால் முற்றியது. வெள்ளையாக இருந்தால் விடுங்கோ, பறித்த பிறகு முற்றாது. கையுறை போடுங்கோ, பால் பட்ட கையால் கண்ணைத் தொட வேண்டாம். பிளாஸ்டிக் பை கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். கடதாசிப் பை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காயைப் பிரித்து உள்ளே இருக்கிற பஞ்சுக் கட்டை நுனியில் இறுக்கிப் பிடித்து விதையை மட்டும் கீழ்ப்பக்கமாக உருவ வேண்டும். மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், அப்படியே கழன்று வரும். பிடியை விட்டால் குசினி முழுக்கப் பஞ்சு பறக்கும்.

சிவம் மாமா: ஒன்று மறந்துவிட்டேன். வேலியோரம் மெல்லிய கொடி ஒன்று ஏறியிருக்கும், காய் பயற்றங்காய் மாதிரி ஒல்லி. அது டோக் ஸ்ட்ராங்லிங் வைன், நாயை நெரிக்கிற கொடி என்று பெயர். அதிலும் பஞ்சு இருக்கும். அதை எடுக்கவே கூடாது.

துஷி: நாயைக் கொல்லுமோ?

சிவம் மாமா: பெயர்தான் அப்படி, நாயை நெரிக்காது. பூச்சிதான் ஏமாந்து அதில் முட்டை வைக்கும். பொரித்த புழு அந்த இலையில் உயிர் வாழாது.

துஷி: ஐயோ.

வசந்தி: எங்கள் வளவில் நடலாம். இவர்தான் களை என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் முறையிட்டால் என்கிறார்.

சிவம் மாமா: ஒன்ராறியோவின் களைப் பட்டியலிலிருந்து 2014இலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் வேரால் பரவும், அது உண்மை. மூலையில் வைத்தால் மூலையில் நிற்காது.

துஷி: என் பல்கனியில்?

சிவம் மாமா: சட்டிக்கு இது சரிவராது பிள்ளை, வேர் ஆழம். ஈர நிலத்து மில்க்வீட் என்று இன்னொன்று இருக்கு, பெரிய சட்டியில் அது நிற்கும்.

ரவி: நாளைக்கு நான் போகிறேன்.

வசந்தி: அண்ணா, புல்லு வெட்டுகிற மெசினை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கோ.

கேதா (லண்டன்): வசந்தி!

ரவி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கமலா பெரியம்மா: பழைய கதை எதற்கு இப்போது?

பவானி சின்னம்மா: நானே சொல்லுகிறேன். பிறந்தநாளுக்கு வளவைத் துப்புரவாக்க என்றுதான் ரவி வெட்டினவன், தெரிந்து வெட்டவில்லை. அது ஜூலை. இவர் இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை, அதுவும் உண்மை. ஆனால் வெட்டின இடத்தில் ஆவணியில் இளந்தளிர் வந்தது. முற்றின இலையை விட்டு பூச்சி அந்தத் தளிரில்தான் முட்டை வைத்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து 11 புழு எண்ணினார். ரவிக்குச் சொல்லுங்கோ என்றேன். பிறகு சொல்லுகிறேன் என்றார். பங்குனியில் போய்விட்டார்.

ரவி: எனக்குத் தெரியாது சித்தி.

பவானி சின்னம்மா: இப்போது தெரியும் தானே. சாப்பிடாமல் வா, புட்டு அவிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

ரவி: படம்

ரவி: படம்

ரவி: 14 காய். மூன்று ஏற்கனவே வெடித்துவிட்டது. இரவு மழை பெய்ததால் ஈரம். மாமா, பழுதாகுமா?

சிவம் மாமா: பேப்பர் விரித்துக் காயவிடு. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதே.

வசந்தி: இனி யார் பிரிட்ஜில்?

கமலா பெரியம்மா: என் பிரிட்ஜில் மீன்.

சிவம் மாமா: இரண்டு வழி. நனைத்துப் பிழிந்த கடதாசித் துவாயில் சுற்றிக் குளிர்பெட்டியில் 4 பாகையில் ஒரு மாதமாவது வைத்து வசந்தத்தில் விதைப்பது. இல்லையென்றால் நவம்பரில் நிலம் இறுகுவதற்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாக மண் மூடி விட்டுவிடுவது, மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். குளிர் படாவிட்டால் அநேகமாக முளைக்காது. அத்தான் இரண்டும் செய்தவர்.

வசந்தி: எங்கள் வீட்டுப் பின்பக்கம் பாதி போடலாம். இவரோடு இரவு கதைக்கிறேன்.

ரவி: மற்றப் பாதி என்னிடம் இருக்கட்டும்.

கேதா (லண்டன்): உங்களுக்கு வளவே இல்லையே அண்ணா?

ரவி: பிரிட்ஜ் இருக்கு.

துஷி: எனக்கு ஒரு பத்து விதை.

சிவம் மாமா: துஷி, சட்டிக்குச் சரிவராது என்று சொன்னேன்.

துஷி: நட இல்லை மாமா. வைத்திருக்க.

பவானி சின்னம்மா: ரவி, வேலிப் பக்கத்துக் காய் ஒன்றை அப்படியே விட்டிருக்கிறாய். மறந்துபோனாயோ?

ரவி: இல்லை சித்தி. அது இன்னும் முற்றவில்லை. 31க்கு முன்னால் இன்னொரு தடவை வருவேன்.

கமலா பெரியம்மா: வரும்போது கறிவேப்பிலைச் சட்டியை ஏற்றிக்கொண்டு வா.