விளிம்புப்படி: சீன வனப்பெழுத்துக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

சீன வனப்பெழுத்துக் கலைச்சொற்களில் விளிம்பை வரைந்து மை நிரப்புதல், பார்த்து எழுதுதல், கல்லிலிருந்து தாளில் படியெடுத்தல் ஆகிய மூன்று வெவ்வேறு வினைகளுக்கும் 'நகல்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. தாங் பேரரசர் தாய்சோங் (ஆட்சி 626–649) இக்கலைக்குச் செய்ததை எழுதப் புகுந்தாலே அச்சொல் போதாமற் போகிறது.

4ஆம் நூற்றாண்டின் வனப்பெழுத்துக் கலைஞரான வாங் ஷீஜியின் கைப்பட்ட தாள் எதுவும் இன்று இல்லை என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. தாய்சோங்குக்கு முன்பு, வாங் ஷீஜியின் மகன் வாங் ஷியான்ஜியின் எழுத்தையே மேலாகக் கொண்டாடிய காலமும் உண்டு. தாய்சோங்கோ தந்தையின் எழுத்துகளைத் தேடித் திரட்டினார். ஜின் அரச மரபின் வரலாற்று நூலில் வாங் ஷீஜியைப் பற்றிய மதிப்புரையைத் தாமே எழுதி, மகனின் எழுத்தைக் கடுங்குளிரில் பட்டுநிற்கும் மரத்துக்கு ஒப்பிட்டார். அரசரின் அந்தச் சுவையே பின்னர் நாட்டின் அளவுகோலாயிற்று. அது நிலைபெற உதவியவர்கள் அரண்மனைப் படியெடுப்பாளர்கள்.

அவர்கள் மூலத்தின்மேல் ஒளி ஊடுருவும் மெழுகுத்தாளை இட்டு, ஒவ்வோர் எழுத்தின் ஓரத்தையும் மயிரிழைக் கோட்டால் சுற்றி வரைந்து, பிறகு உள்ளே மை நிரப்பினார்கள். ஃபெங் செங்சூ செய்ததாகக் கருதப்பட்டுப் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள, வாங் ஷீஜியின் புகழ்பெற்ற லான்டிங் முன்னுரையின் படியில், தூரிகைமுனை பிளந்து விட்ட கீறல்கள்கூடத் தெரிகின்றன. 'ஒன்று' என்ற எழுத்தின்மேல் 'ஒவ்வொரு' என்று திருத்திய இடத்தில் இரு மைகளின் அடர்த்தி வேறுபாடும் அப்படியே பதிவாகியிருக்கிறது. கண்ணால் பார்த்துக் கைபோன போக்கில் எழுதும் படிக்கு இத்தகைய துல்லியம் வாய்க்காது. ஆனால் அதற்கு உயிரோட்டம் உண்டு. இரண்டையும் சீனர் இரு தனிச் சொற்களால் வழங்குகிறார்கள்.

வரைந்து நிரப்பும் படிக்கு 'ஒற்றுப்படி' என்று முன்மொழிந்த நண்பரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ஒற்றுதல் என்பது அழுத்தி எடுப்பது. அது கல்லிலிருந்து தாளில் எடுக்கும் படிக்கே பொருந்தும். அதற்கோ நம் கல்வெட்டாளர்கள் நெடுங்காலமாக ஆளும் 'மைப்படி' இருக்கிறது. 'போலி' என்பதை அறவே விலக்க வேண்டும். ஏமாற்றும் நோக்கம் இங்கே இல்லை. பார்த்து எழுதும் படியைப் 'பார்வைப்படி' என்றால் 'பார்வையின்படி' என்றும் படிக்க நேரும்.

ஆகவே வரைந்து நிரப்புவதை 'விளிம்புப்படி' என்றும், பார்த்து எழுதுவதைப் 'பார்த்தெழுதுபடி' என்றும் வழங்கலாம். தாய்சோங் தம் கையால் எழுதிக் கல்லில் வெட்டுவித்த வெந்நீரூற்றுச் சாசனத்திலிருந்து எடுக்கப்பட்டு, வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த தாள் மைப்படி. பெய்ஜிங்கில் உள்ள லான்டிங் முன்னுரைத் தாள் விளிம்புப்படி. 'நிரப்புதல்' என்ற வினையும் சொல்லில் வெளிப்பட வேண்டும் என்று கருதுவோர் இதனினும் சுருங்கிய சொல்லைத் தந்தால், என் பரிந்துரையை விலக்கிக்கொள்ள எனக்குத் தடையில்லை.