பிக்அப் மிஸ்ஸிங்: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நாள்

செவ்வாய்

நான், காலை 8:10
பெரியப்பா, நம் பிக்அப் வண்டி மறுபடியும் மிஸ்ஸிங் அடிக்கிறது, எஞ்சின் விட்டு விட்டு ஓடுகிறது. பழனியில் இருந்து கொடைக்கானல் ஏறும்போது சவரிக்காடு தாண்டியதும் இழுவை போய்விட்டது. செகண்ட் கியரில்கூட குலுங்கிக் குலுங்கித்தான் ஏறியது. பெருமாள்மலையில் சமதளமாகப் பார்த்து நிறுத்தினேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் நன்றாக ஓடுகிறது.

சித்தி, 8:14
மலைப்பாதையில் வண்டி இப்படிச் செய்தால் எப்படியப்பா? இன்றைக்கு லோடு ஏற்ற வேண்டாம். காலியாகவே இறங்கி வந்துவிடு.

கோவை மச்சான், 8:20
மாப்பிள்ளை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயா? என் காருக்கும் இப்படித்தான் இருந்தது. ஒரு காயில் மாற்றியதும் சரியாகிவிட்டது.

பெரியப்பா, 8:31
கோவை மாப்பிள்ளை, உங்கள் கார் பெட்ரோல். இது டீசல். இதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை ஏறக்குறைய 20-இல் ஒரு பங்காக நெருக்கும்போது வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பிளக் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும்தான். ஓடும்போது மிஸ்ஸிங் வந்தால் டீசல், காற்று, கம்ப்ரஷன், இந்த மூன்றில் ஒன்றில்தான் தேட வேண்டும். கம்ப்ரஷன் போயிருந்தால் கால் மணி நேர ஓய்வில் திரும்பி வராது. தம்பி, புகை என்ன நிறம்?

நான், 8:36
வெள்ளை. மிஸ்ஸிங் வரும்போது மட்டும். அப்புறம் நின்றுவிடுகிறது.

பெரியப்பா, 8:40
வெள்ளை என்றால் எரியாத டீசல். ஏர் பில்டர் அடைத்திருந்தால் கறுப்பு வரும், ஆயில் எரிந்தால் நீலம். சரி, மெதுவாக இறங்கி வா.

நான், 8:43
போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற நாலு நாசிலையும் சர்வீஸ் செய்தார்கள். இப்போது டீசல் பம்பை இறக்க வேண்டும், 18,000 ஆகும் என்கிறார்கள்.

பெரியப்பா, 8:45
பம்பில் கை வைக்காதே. பம்ப் கெட்டால் எப்போதும் கெட்டுத்தான் இருக்கும். ஒரு நாள் ஓடி ஒரு நாள் படுக்காது.

புதன்

பெரியப்பா, மாலை 5:05
இன்று வண்டியைப் பார்த்தேன். சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள்.

பெரியப்பா, 5:12
முதலில் டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செபரேட்டர் அடியில் இருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டீசல் பிடித்து அரை மணி நேரம் வைத்தேன். அடியில் தண்ணீர் படியவில்லை. அடுத்து, தம்பி ஸ்லோவில் ஓடவிட, நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கால் சுற்று தளர்த்தினேன். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கும். செத்த சிலிண்டரில் ஒரு மாற்றமும் இருக்காது. நாலிலும் ஒரே மாதிரி இறங்கியது. ஆக நாலும் உயிரோடு இருக்கின்றன.

கோவை மச்சான், 5:15
நானும் என் நண்பர் வண்டியில் இப்படிச் செய்து பார்க்கலாமா மாமா? அதுவும் டீசல்தான்.

பெரியப்பா, 5:18
காமன் ரெயில் வண்டி, அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயில் டீசலை அழுத்தி வைக்கிற வண்டி என்றால் செய்யவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் போகும். கீறல் வழியாகப் பீச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டிய நிலை வரும். நம்முடையது 2004 மாடல், பழைய மெக்கானிக்கல் பம்ப். அதற்கே நான் கனமான துணியைச் சுற்றி, கையைத் தள்ளி வைத்துத்தான் செய்தேன். டிப்போவில் முப்பது வருடம் இருந்தும் இதில் எனக்குப் பயம் உண்டு.

நான், 5:24
பெரியப்பா சொல்கிறார், ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்ப மிஸ் ஆனால் அது நாசில், வால்வு மாதிரி அந்தச் சிலிண்டரின் சொந்தக் கோளாறு. இடம் மாறி மாறி வந்தால் நாலுக்கும் பொதுவான இடத்தில் கோளாறு. நமக்கு மாறி மாறித்தான் வருகிறது. டீசல் லைனில் காற்று ஏறுகிறது என்று சந்தேகம்.

சித்தி, 5:30
காற்று ஏறினால் டீசல் வெளியே ஒழுகாதா? தரையில் ஒரு சொட்டுகூட இல்லையே.

பெரியப்பா, 5:33
நல்ல கேள்வி. டேங்கில் இருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகுவதற்குப் பதில் காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் கண்ணில் படாது.

வியாழன்

நான், காலை 11:02
(படம்) பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் கண்ணாடி ஓஸ் (உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய்) போட்டிருக்கிறோம். பாருங்கள், கடுகு மாதிரி குமிழ்கள் போகின்றன!

நான், 11:40
டேங்கில் இருந்து வருகிற லைனைக் கழற்றிவிட்டு, ஐந்து லிட்டர் கேனில் இருந்து நேராக டீசல் கொடுத்தோம். ஒரு குமிழ்கூட இல்லை. பில்டர், ஹேண்ட் பம்ப் எல்லாம் சரி. கோளாறு டேங்க் பக்கம்.

நான், மதியம் 2:15
டேங்க் முதல் பில்டர் வரைக்கும் ரப்பர் ஓஸ், கிளாம்ப் எல்லாம் புதிது போட்டோம். இரும்பு பைப்பையும் துடைத்துப் பார்த்தோம். இன்னமும் குமிழ் வருகிறது. பெரியப்பா பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணி, 3:20
தம்பி, டீசல் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நீங்கள் மிஸ்ஸிங் என்று சொன்ன நாள்களை மாதக் கணக்கில் ஓரமாகக் குறித்து வைத்திருக்கிறேன், வாடகை குறைந்ததற்குக் காரணம் எழுத வேண்டுமே. மொத்தம் ஒன்பது நாள். ஒன்பதுமே டீசல் போடுவதற்கு முந்தின நாள், அல்லது போட்ட அன்று காலை. டேங்க் நிரப்பிய மறுநாள் ஒரு தடவைகூட இல்லை.

பெரியப்பா, 3:22
அம்மா, இதை முதல் நாளே உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். தம்பி, முள் இப்போது எங்கே நிற்கிறது?

நான், 3:23
அரைக்குக் கீழே. கால் டேங்க் பக்கம்.

பெரியப்பா, 3:24
உடனே போய் முக்கால் டேங்க் போட்டு வா. ஓஸைக் கழற்றாதே.

நான், 4:10
குமிழ் நின்றுவிட்டது!! வேறு எதையும் தொடவில்லை, டீசல் மட்டும்தான் போட்டோம்.

பெரியப்பா, 4:19
அப்படியானால் ஓட்டை டேங்குக்கு உள்ளே இருக்கிறது. டேங்கின் மேல்மூடியில் இருந்து அடிவரை ஒரு உறிஞ்சு பைப் இறங்கும். அதன் நடுவில் துரு தின்றிருக்க வேண்டும். டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை ஓட்டை வழியாகவும் டீசலைத்தான் உறிஞ்சும். மட்டம் கீழே போனால் காற்றை உறிஞ்சும். மலை ஏறும்போது டீசல் பின்பக்கம் ஓடிவிடுவதால் பைப் இருக்கும் இடத்தில் மட்டம் இன்னும் குறையும். பெருமாள்மலையில் சமமாக நிறுத்தியதும் சரியானது அதனால்தான்.

அண்ணி, 4:25
சில நாள் காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்ததே, அதுவும் இதனால்தானா மாமா?

பெரியப்பா, 4:27
அதேதான். ராத்திரி முழுக்க அந்த ஓட்டை வழியாகக் காற்று ஏறி, லைனில் நிற்கிற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும்.

வெள்ளி

நான், மதியம் 12:50
(படம்) பைப் யூனிட்டை வெளியே எடுத்துவிட்டோம். அடியில் இருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே, பழுப்பு நிறத்தில் குண்டூசித் தலை அளவு தெரிகிறதா? விரலால் அடைத்து ஊதினால் தெளிவாகத் தெரிகிறது.

சித்தி, 12:53
இத்தனூண்டு ஓட்டையா! இதற்கா இரண்டு மாதம் அலைந்தாய்?

பெரியப்பா, 1:05
பைப்பை மட்டும் பற்றவைக்கக் கொடு, பித்தளைப் பற்று போதும். நன்றாகக் கழுவி, காற்று அடித்துக் காயவைத்த பிறகு கொடு. டேங்குக்குப் பக்கத்தில் நெருப்பே கூடாது, காலி டேங்க்தான் இன்னும் ஆபத்து. மாட்டும்போது புது கேஸ்கட் போடு.

கோவை மச்சான், 1:10
மாப்பிள்ளை, மொத்தம் எவ்வளவு ஆயிற்று?

நான், 1:22
பற்றுக்கு 300. ஓஸ், கிளாம்ப், கேஸ்கட் சேர்த்து 640.

சனி

நான், காலை 9:35
பெருமாள்மலையில் நிற்கிறேன். வேண்டுமென்றே கால் டேங்கோடு ஏறினேன். சவரிக்காடு வளைவுகளில் தேர்ட் கியரை மாற்றவே இல்லை. மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை.

சித்தி, 9:36
முருகா! சரி, டீ குடித்துவிட்டுக் கிளம்பு.

பெரியப்பா, 9:41
நல்லது. இறங்கி வந்ததும் அந்தக் கண்ணாடி ஓஸைக் கழற்றிவிட்டு டீசல் ஓஸ் போட வேண்டும். எஞ்சின் சூட்டில் அது விறைத்து வெடிக்கும், அப்புறம் அங்கே காற்று ஏறும். மறக்காதே.

நான், 9:42
இன்று மாலையே போட்டுவிடுகிறேன் பெரியப்பா.

அண்ணி, 9:44
தம்பி, கீழே வந்து டீசல் போட்டதும் லிட்டரும் கிலோமீட்டரும் அனுப்புங்கள்.